பந்து கையில் இல்லாதபோது அவர் என்ன செய்கிறார்?

மாலை நேரங்களில் பெண் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லித்தருகிறேன். அணிக்குப் புதிதாக யார் வந்தாலும் முதல் வாரத்திலேயே ஒன்று கேட்டுவிடுவேன்: உனக்கு யாருடைய ஆட்டம் பிடிக்கும், ஏன் பிடிக்கும்? பெயர் சட்டென்று வந்துவிடும். எல்லாம் அமெரிக்க வீராங்கனைகள்: கெய்ட்லின் கிளார்க், ஏஜா வில்சன், சப்ரினா அயனெஸ்கு. பழைய ஆட்டங்களை யூடியூபில் தேடிப் பார்க்கிறவளாக இருந்தால் மாயா மூர். "ஏன்" என்பதற்குத்தான் நேரமெடுக்கும். "செமையா ஷூட் பண்ணுவாங்க மேம்" என்று ஆரம்பிப்பார்கள். கொஞ்சம் பேசவிட்டால் வேறு பதில் வரும். கீழே விழுந்த தோழியை ஓடிப்போய்த் தூக்கிவிட்டது, தோற்ற பிறகும் நின்று சின்னப் பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போட்டது, காலில் அறுவை சிகிச்சை முடிந்து திரும்ப வந்து ஆடியது.

நானும் ஒரு காலத்தில் ஆடியவள், இப்போது சொல்லித்தருகிறவள். எல்லாவற்றுக்கும் மேலே ரசிகை. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு ஒன்று உறுதியாகத் தோன்றுகிறது. ஒரு வீராங்கனையை நமக்கு அறிமுகம் செய்துவைப்பது அவர் போடும் புள்ளிகள். ஆனால் வருஷக்கணக்கில் மனசில் தங்குவது, பந்து கையில் இல்லாத நேரத்தில் அவர் நடந்துகொள்ளும் விதம்.

அதற்காகத் திறமை இரண்டாம்பட்சம் என்று சொல்ல வரவில்லை. நல்ல குணத்துக்காக மட்டும் யாரும் டிக்கெட் வாங்குவதில்லை. 2023 அக்டோபரில் அயோவா பல்கலைக்கழகம் தன் அமெரிக்கன் ஃபுட்பால் மைதானத்தில் திறந்தவெளியில் ஒரு பெண்கள் கூடைப்பந்து ஆட்டம் வைத்தது. வெறும் காட்சிப் போட்டிதான். வந்தவர்கள் 55,646 பேர். கூட்டம் வந்ததற்குப் பெரிய காரணம் அந்தப் பல்கலைக்கழக அணியில் ஆடிய கிளார்க். கோர்ட்டின் நடு லோகோ பக்கத்திலிருந்து அவர் எறிகிற பந்து வலைக்குள் போவதை நேரில் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசை. கல்லூரி ஆட்டத்தை முடித்தபோது அவர் கணக்கில் 3,951 புள்ளிகள். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் முதல்நிலைப் பிரிவில், ஆண்களையும் சேர்த்து, அதுவரை யாரும் எட்டாத எண்ணிக்கை. 2024 கல்லூரி இறுதியாட்டத்தில் அவர் அணி சவுத் கரோலினா பல்கலைக்கழகத்திடம் தோற்றது. அந்தத் தோல்வியைத் தொலைக்காட்சியில் பார்த்த கூட்டம், அதே ஆண்டு ஆண்கள் இறுதியாட்டத்தைப் பார்த்த கூட்டத்தை விடப் பெரிது.

ஆனால் அவர் தொழில்முறை ஆட்டத்துக்கு வந்த முதல் வருஷத்தைப் பாருங்கள். அமெரிக்கப் பெண்களின் தொழில்முறை லீகான டபிள்யூஎன்பிஏவில், ஒரே சீசனில் அதுவரை யாரும் கொடுக்காத அளவு அசிஸ்ட் (தோழி கூடை போட வழிசெய்யும் பாஸ்) கொடுத்த சாதனை, 337, அந்த ஆண்டு அவருடையதானது. ஒரே ஆட்டத்தில் 19 அசிஸ்ட் கொடுத்து அதிலும் சாதனை. என் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு இது தெரியாது. அவர்களுக்குக் கிளார்க் என்றால் தூரத்திலிருந்து ஷூட் பண்ணுகிறவர். அந்த ஷூட்டுக்குப் பயந்து எதிரணியில் இரண்டு பேர் அவரிடம் ஓடி வருவார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள் பந்து கூடைக்குக் கீழே காலியாக நிற்கிறவள் கைக்குப் போயிருக்கும். இந்த பாஸை மட்டும் மெதுவாக ஓடவிட்டுப் பார்க்கச் சொல்வேன். யார் எங்கே ஓடப்போகிறார்கள் என்று தெரிந்தால்தான் அப்படி எறிய முடியும். கூட ஆடுகிற நாலு பேரையும் கவனித்துவைத்திருக்க வேண்டும். ரசிகர்கள் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் அவர்களுக்குப் பிடித்துப்போகிறது.

எங்கள் அணியில் ஒரு பெண் இருந்தாள். எந்த ஆட்டத்திலும் அதிகப் புள்ளி அவளுடையதுதான். கூடைக்குப் பக்கத்தில் ஓடிப்போய்ப் போடுகிற லே-அப்பை இரண்டு கையாலும் போடுவாள், எதிரணி ஃபவுலுக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோ தவறவே தவறாது. ஆனால் அவள் கூடை போட்டால் பெஞ்சில் கைதட்டல் மட்டும் வரும், சத்தம் வராது. கொஞ்ச நாள் அவளையே கவனித்தேன். கூடை விழுந்ததும் தலை குனிந்து திரும்பி ஓடிவிடுவாள். திமிர் ஒன்றும் இல்லை, கூச்சம். பாஸ் கொடுத்தவள் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள், இவள் அந்தப் பக்கம் திரும்பவே மாட்டாள்.

அவளிடம் நிறையப் பேசவில்லை. ஒன்றே ஒன்று சொன்னேன்: கூடை விழுந்ததும் பாஸ் கொடுத்தவளைப் பார்த்து விரல் நீட்டு. இது என் கண்டுபிடிப்பு இல்லை. நார்த் கரோலினா பல்கலைக்கழகத்தின் புகழ்பெற்ற பயிற்சியாளர் டீன் ஸ்மித் தன் அணியில் பழக்கி, உலகமெல்லாம் பரவிய வழக்கம். முதலில் அவளுக்கு வெட்கமாக இருந்தது, இடுப்பளவுக்குத்தான் விரலை உயர்த்துவாள். ஒரு சீசன் போவதற்குள் அது கையோடு வந்துவிட்டது. அப்புறம் பெஞ்சின் சத்தமே மாறியது. அவளுக்கு வரும் பாஸும் கூடியது, புள்ளியும் கூடியது. பயிற்சி தருகிறவர்கள் யாராவது இதைப் படித்தால், இந்த ஒரு பழக்கத்தைச் சின்ன வயதிலேயே போட்டுவிடுங்கள் என்பேன். செலவு இல்லை, தனியாக நேரம் ஒதுக்கவும் வேண்டாம்.

இன்னொரு பழக்கமும் எங்களிடம் நன்றாக வேலை செய்கிறது. வழக்கமான ஸ்கோர் ஷீட்டோடு இன்னொரு தாளும் வைத்திருக்கிறோம். யார் எத்தனை ஸ்கிரீன் போட்டார்கள் (தோழியைத் துரத்தி வருகிறவளின் வழியில் அசையாமல் நின்று மறிப்பது), எதிரணி பாஸை எத்தனை தடவை விரலால் தட்டிவிட்டார்கள், ரீபவுண்டுக்கு, அதாவது கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க, ஆளை முதுகால் மறித்து நின்றார்களா, தரையில் உருளும் பந்துக்குப் பாய்ந்தார்களா, கீழே விழுந்தவளை யார் முதலில் எழுப்பிவிட்டார்கள் என்று அதில் கோடு போட்டு எண்ணுவோம். அதை எழுதுகிற வேலை காயம்பட்டு உட்கார்ந்திருக்கிற பெண்ணுக்கு. ஆட்டம் முடிந்ததும் புள்ளிக் கணக்குக்கு முன்னால் இந்தத் தாளைத்தான் சத்தமாக வாசிப்போம். ஒரு முறை, ஒரு கூடைகூடப் போடாத பெண் அதில் முதலிடம் வந்தாள். அழைத்துப்போக வந்திருந்த அவள் அம்மாவுக்குக் கூடைப்பந்து அவ்வளவாகத் தெரியாது. "ஸ்கிரீன்னா என்னங்க?" என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். அடுத்த ஆட்டத்தில் மகள் ஸ்கிரீன் போடும்போதெல்லாம் எழுந்து நின்று கத்தினார். ரசிகர்கள் இப்படியும் உருவாகிறார்கள்: எதைப் பார்க்க வேண்டும் என்று யாராவது ஒருவர் காட்டிக்கொடுத்தால் போதும்.

அந்தத் தாளுக்கு என் மனசில் இருக்கிற முகம் டமிக்கா கேட்சிங்ஸ். பிறவியிலேயே காது சரியாகக் கேட்காது. சின்ன வயதில் காதுக் கருவியைப் பார்த்துப் பிள்ளைகள் கேலி செய்ய, அதைத் தூக்கி எறிந்துவிட்டு, பல வருஷம் கருவி இல்லாமலே ஆடினார். டபிள்யூஎன்பிஏவில் இந்தியானா ஃபீவர் என்ற ஒரே அணிக்குத்தான் கடைசிவரை ஆடினார். சிறந்த தற்காப்பு வீராங்கனை விருதை ஐந்து முறை வாங்கினார். 2012-இல் அந்த அணி பட்டம் வென்றபோது இறுதிச் சுற்றின் சிறந்த வீராங்கனையும் அவரே. டிஃபென்ஸுக்காக ஒருவரை ரசிப்பது சுலபமில்லை, அதில் கண்ணைப் பறிக்கிற காட்சி குறைவு. அவரை இன்றும் அந்த ஊர்க்காரர்கள் கொண்டாடுகிறார்கள் என்றால், நல்ல நாளிலும் மோசமான நாளிலும் அதே அணியில், அதே உழைப்போடு அவரைப் பார்த்திருக்கிறார்கள் என்பதால்தான். சூ பேர்டும் அப்படித்தான். 2002 முதல் 2022 வரை டபிள்யூஎன்பிஏவில் சியாட்டில் அணியை விட்டு வேறு அணிக்குப் போகவில்லை. நாலு பட்டம். 2018 அரையிறுதியின் கடைசி ஆட்டத்தில், உடைந்த மூக்குக்கு மேலே முகமூடி போட்டுக்கொண்டு வந்து, நாலாவது குவார்ட்டரில், அதாவது ஆட்டத்தின் கடைசிக் கால்பகுதியில், மட்டும் 14 புள்ளி போட்டார். அப்போது அவருக்கு வயது 37. அந்தக் குவார்ட்டரைத் தேடிப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக ரசிகர்கள் அதைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

காயத்திலிருந்து மீண்டு வருவது பற்றியும் சொல்ல வேண்டும். ரசிகர்களின் மனசை இதைப் போல உருக்குவது வேறில்லை, பெண்கள் ஆட்டத்தில் இது அடிக்கடி நடக்கிறது என்பதும் ஒரு வருத்தமான காரணம். குதித்து, சட்டென்று திரும்பி ஆடுகிற விளையாட்டுகளில் முழங்காலின் ஏசிஎல் தசைநார் கிழிவது ஆண்களை விடப் பெண்களுக்கு அதிகம். பேஜ் பெக்கர்ஸுக்கு 2022 ஆகஸ்டில் அது கிழிந்தது. ஒரு முழு சீசன் ஓரத்தில் உட்கார்ந்தார். 2025-இல் கனெக்டிகட் பல்கலைக்கழகத்துக்குப் பட்டம் வாங்கித் தந்துவிட்டு, தொழில்முறை அணிகளின் தேர்வில் முதல் ஆளாகப் போனார். ஆடாத அந்த வருஷத்தில் பெஞ்சிலிருந்து அவர் எழுந்து கத்தியதையும், டைம்அவுட்டில் தோழிகள் காதில் ஏதோ சொன்னதையும் ரசிகர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

எங்கள் பிள்ளைகளுக்கு இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இரண்டு. ஒன்று, எந்தப் பயிற்சிக்கும் முன்னால் குதித்து இறங்குகிற பயிற்சி உண்டு. முழங்கால் இரண்டும் உள்பக்கம் சாயாமல், இடுப்பும் முட்டியும் மடங்கி, சத்தமில்லாமல் தரையில் இறங்க வேண்டும். இதை ஒழுங்காகச் செய்தால் முழங்கால் காயம் குறைகிறது என்று விளையாட்டு மருத்துவம் தெளிவாகவே சொல்கிறது. பிள்ளைகளுக்கு இது சலிப்பான வேலை, ஷூட் பண்ணப் போகத்தான் துடிப்பார்கள். இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை. இரண்டாவது, காயம்பட்டவளை வீட்டில் உட்காரச் சொல்வதில்லை. மேலே சொன்ன தாளைக் கையில் கொடுத்துப் பெஞ்சில் உட்காரவைத்துவிடுவேன்.

குழந்தை பெற்றுவிட்டுத் திரும்பியவர்களின் கதை தனி. டபிள்யூஎன்பிஏ 1997-இல் தொடங்கியபோது முதலில் ஒப்பந்தமானவர் ஷெரில் ஸ்வூப்ஸ். அந்த முதல் சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே மகனைப் பெற்று, ஏறக்குறைய ஆறு வாரத்தில் கோர்ட்டுக்கு வந்துவிட்டார். அவருடைய ஹூஸ்டன் காமெட்ஸ் முதல் நான்கு பட்டங்களையும் தொடர்ந்து வென்றது. நம் அனிதா பால்துரையும் குழந்தை பிறந்த பிறகு இந்திய அணிக்குத் திரும்பி, 2017-இல் பெங்களூருவில் ஆசியக் கோப்பையின் இரண்டாம் பிரிவுப் பட்டம் வென்ற அணியில் ஆடினார். 2021-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. பத்தொன்பது வயதிலேயே இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர். பெண் பிள்ளைகளின் அம்மாக்களிடம் இவர் கதையைச் சொல்லும்போது அவர்கள் கேட்கிற விதமே வேறு. "கல்யாணத்துக்கு அப்புறம் எதுக்கு இதெல்லாம்" என்று நினைத்துக்கொண்டு வந்தவர்கள்கூட, "குழந்தையை யார் பாத்துக்கிட்டாங்க, எத்தனை மாசத்துல ஓட ஆரம்பிச்சாங்க" என்று நுணுக்கமாக விசாரிப்பார்கள்.

ரசிகர்கள் மதிப்பது அடக்கத்தை மட்டும்தான் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு டயானா டௌராசியைக் காட்டுவேன். நடுவரோடு வாதாடுவார், எதிரணியிடம் வாய் கொடுப்பார், கோபம் வந்தால் மறைக்கமாட்டார். டபிள்யூஎன்பிஏவில் 10,000 புள்ளியைத் தொட்ட முதல் ஆளும் அவர்தான். 2023 ஆகஸ்டில் அந்த எல்லையைத் தாண்டிய ஆட்டத்தில் மட்டும் 42 புள்ளி, அதுவும் 41 வயதில். அவர் ஆடிய ஃபீனிக்ஸ் அணியின் ரசிகர்கள் அவரை உயிராக நேசித்தார்கள். அந்தக் கோபம் முழுக்க ஜெயிக்கவேண்டும் என்ற வெறியிலிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியும். நடிப்பே இல்லை. பெண் பிள்ளை என்றால் குரல் எழும்பக்கூடாது என்று கேட்டுக் கேட்டு வளர்ந்த பெண்கள் என்னிடம் நிறையப் பேர் வருகிறார்கள். டிஃபென்ஸில் "ஸ்கிரீன் இடது பக்கம்" என்று கத்தவே அவர்களுக்கு மாசக்கணக்கில் ஆகும். அவர்களுக்கு டௌராசியைப் பார்ப்பது நல்ல மருந்து.

மாயா மூரைப் பற்றிச் சொல்லும்போது எனக்கு எப்போதும் கொஞ்சம் தொண்டை அடைக்கும். மினசோட்டா அணிக்கு நாலு பட்டம், 2014-இல் சீசனின் சிறந்த வீராங்கனை, உலகத்திலேயே முதல் இரண்டு மூன்று பேரில் ஒருவர். 2019-இல், 29 வயதில், ஆட்டத்தை நிறுத்திவிட்டார். ஜோனதன் அயர்ன்ஸ் என்பவர் 50 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றிருந்தார். அது தவறான தீர்ப்பு என்று நம்பி, அதை எதிர்த்துப் போராடப் போனார் மூர். 2020 மார்ச்சில் தீர்ப்பு ரத்தானது, ஜூலையில் அயர்ன்ஸ் வெளியே வந்தார். மூர் அதன் பிறகு ஆடவே இல்லை. 2023-இல் ஓய்வை அறிவித்தார். ஆட்டத்தின் உச்சத்தில் இருக்கும் ஒருவர் அதை விட்டுவிட்டுப் போவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று விளையாடியவர்களுக்குத்தான் முழுசாகப் புரியும். என் பிள்ளைகளில் சிலர் அவருடைய ஒரு முழு ஆட்டத்தைக்கூடப் பார்த்ததில்லை. இருந்தும் அவர் பெயரைச் சொல்கிறார்கள்.

இப்படிப் பெரிய காரணங்கள் எல்லாருக்கும் அமையாது. சின்ன விஷயங்களே ஏராளம். தேசிய அளவில் ஆடிய ஒரு வீராங்கனை ஒரு நாள் எங்கள் பயிற்சிக்கு வந்தார். பெண்கள் அவர் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுவதைப் பார்க்கத்தான் ஆவலாக நின்றார்கள். வந்ததும் எல்லாரையும் வட்டமாக நிற்கவைத்து ஒவ்வொருவர் பெயரையும் கேட்டார். சரி, எல்லா விருந்தினரும் கேட்பதுதானே என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து, ஓரத்தில் நின்ற, வாயே திறக்காத ஒரு பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "நீ வா, என்கூட ஸ்கிரீன் போட்டுக் காட்டு" என்றார். அந்தப் பெண் ஒரு நொடி பின்னால் திரும்பிப் பார்த்தாள், வேறு யாரையோ கூப்பிடுகிறார் என்று. முடிந்ததும் சிதறிக் கிடந்த பந்துகளை அவரே குனிந்து பொறுக்கிக் கூடையில் போட ஆரம்பித்தார். எங்கள் பெண்கள் பதறி ஓடி, "அக்கா நீங்க விடுங்க" என்று பிடுங்கினார்கள். "நீங்க மட்டும் ஆடின பந்தா இது?" என்று கேட்டுவிட்டு அவர் தொடர்ந்து பொறுக்கினார். அன்றைக்கு அவர் கற்றுத்தந்த கிராஸ்ஓவர் (பந்தைச் சட்டென்று ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றித் தட்டுவது) எத்தனை பேருக்கு நினைவிருக்கும் என்று தெரியாது. ஆனால் அதற்குப் பிறகு எங்கள் கோர்ட்டில் பந்து பொறுக்குவது சின்னவர்கள் வேலை என்ற பேச்சே இல்லை.

ரசிகர்கள் பக்கமும் ஒரு பொறுப்பு உண்டு. ஒருவரைப் பிடிக்கும் என்பது இன்னொருவரை வெறுப்பதில் போய் முடியக்கூடாது. 2023 கல்லூரி இறுதியாட்டத்தில் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகம் (எல்எஸ்யூ) 102-85 என்று அயோவாவை வென்றபோது, அந்த அணியின் ஏஞ்சல் ரீஸ் கிளார்க்கைப் பார்த்துக் கையசைத்துச் சீண்டினார். அதற்கு ரீஸ் மேல் கொட்டிய வசவு கொஞ்சநஞ்சமில்லை. அதற்காக ரீஸைக் குறை சொல்லத் தேவையில்லை என்று வெளிப்படையாகச் சொன்னது வேறு யாருமில்லை, தோற்றுப்போன கிளார்க்தான். போட்டியின் சூடு எப்படி இருக்கும் என்று ஆடுகிறவர்களுக்குத் தெரியும். எங்கள் பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டைபோட்டபோது, ரீஸ் எடுக்கும் ரீபவுண்டுகளைப் பற்றிக் கிளார்க் கட்சியையும், கிளார்க்கின் பாஸ்களைப் பற்றி ரீஸ் கட்சியையும் எழுதிவரச் சொன்னேன். முணுமுணுத்துக்கொண்டே எழுதினார்கள், நன்றாகவும் எழுதினார்கள்.

கடைசியாக, பார்க்கிற விதம். பிடித்த வீராங்கனையை உண்மையிலேயே தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் ஹைலைட்ஸ் போதாது. ஒரு முழு ஆட்டத்தை எடுத்துக்கொண்டு, வர்ணனைச் சத்தத்தைக் குறைத்துவிட்டு, ஒரு குவார்ட்டர் முழுக்க அவரை மட்டும் பாருங்கள். பந்து எங்கே போனாலும் கண் அவரிடமே இருக்கட்டும். பாஸ் கொடுத்த பிறகு நிற்கிறாரா, ஓடுகிறாரா? ஃபவுல் விசில் ஊதியதும் முதலில் யாரைப் பார்க்கிறார்? ஷூட் தவறினால் திரும்பி ஓட எத்தனை நொடி எடுக்கிறது? பெஞ்சுக்கு வந்ததும் துண்டால் முகத்தை மூடிக்கொள்கிறாரா, ஆட்டத்தைப் பார்க்கிறாரா? தொடக்கத்தில் கண் தானாகப் பந்தின் பின்னால் ஓடும், அது எல்லாருக்கும் நடப்பதுதான். டிஃபென்ஸ் பக்கத்திலிருந்து ஆரம்பித்தால் பழகுவது சுலபம். ஆளைத் தவறவிட்டால் ரீவைண்ட் பண்ணிக்கொள்ளலாம். யாரிடமிருந்து தொடங்குவது என்று கேட்கிறவர்களுக்கு, ஏஜா வில்சனைச் சொல்வேன். 2020, 2022, 2024, 2025 என்று நாலு முறை சீசனின் சிறந்த வீராங்கனையானவர். அவர் கூடைக்கு அடியில் கால்களை எங்கே வைக்கிறார் என்பதை மட்டும் பார்த்தாலே அந்த ஒரு குவார்ட்டர் போதாது, அடுத்த குவார்ட்டரையும் பார்க்க உட்கார்ந்துவிடுவீர்கள்.